ஜாடியில் மூன்றாவது விரல்

லங்விக்
14 ஜனவரி 1962

ஹில்மார்,

நான் எலியாஸ். இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு மாரித் பள்ளிக்கூடத்தோடு கப்பலேறி உங்கள் ஊருக்கு வந்து, துருவப் பயண அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். வந்தவள் பையைக்கூட இறக்காமல் என் வீட்டுக்கு ஓடிவந்து, "எலியாஸ் மாமா, உங்க விரலைப் பார்த்தேன்! ஜாடிக்குள்ள மிதக்குது, கீழே உங்க பேரு போட்டிருக்கு!" என்றாள். அவள் அம்மா வாயைப் பொத்தி இழுத்துப் போனாள்.

ஸ்பிட்ஸ்பெர்கன் பனித்தீவிலிருந்து நாம் கரைக்கு வந்த கோடையில் நீ என்ன சொன்னாய்? "மூணு விரலையும் கல்லறைத் தோட்டத்துல, வடக்குச் சுவர் ஓரமா புதைச்சிட்டேன். பாதிரியார் ஒரு வார்த்தை ஜெபமும் சொன்னார்" என்றாய். வெட்டுப்பட்ட உறுப்பை மண்ணுக்குக் கொடுப்பது நம் கரையோரத்து வழக்கம். நீயும் அதைச் செய்திருப்பாய் என்றுதான் இத்தனை காலம் நம்பிக் கிடந்தேன்.

என் நெஞ்சில் நோய் முற்றிவிட்டது. மருத்துவர் அடுத்த கோடையைப் பற்றிப் பேசும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் சபையார் உடம்போடு எழும் நாளை நம்புகிறவர்கள். நான் முழுசாகப் படுக்க வேண்டும். விரல்களை அனுப்பு, என் பெட்டியில் வைத்துவிடச் சொல்கிறேன். என் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கேட்கவில்லை. அது விரலை வெட்டியதற்கு முந்தின நாளே பனியில் நழுவி விழுந்துவிட்டது என்று நீ சொன்னாய், விழுந்தது விழுந்ததாகவே இருக்கட்டும்.

உன் மனைவி யோருன் சௌக்கியமா என்று நான் கேட்கலாம் என்றால் கேட்கிறேன்.

எலியாஸ்


ஸ்டூர்சுண்ட்
28 ஜனவரி 1962

பெரியவனே,

அட, நீ இன்னும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறாயா! உன் கடிதத்தைப் பார்த்ததும் கோழி மைக்குள் காலை விட்டுவிட்டுத் தாளில் நடந்துபோயிருக்கிறது என்று நினைத்தேன். கோபிக்காதே. நானும் மூன்றாம் வகுப்போடு கும்பிடு போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போனவன்தானே, பிழை இருந்தால் சிரித்துக்கொண்டே படி.

புதைத்தேன் என்று சொன்னது உண்மை. புதைக்கத்தான் கொண்டுபோனேன். வழியில் நாலு பேர் பிடித்துக்கொண்டு, "எங்கே, காட்டு காட்டு" என்றார்கள். காட்டினேன். அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்ததும் இதைப் போய் மண்ணில் போடுவானேன் என்று ஆகிவிட்டது. படகுக் கொட்டகையில் வைத்திருந்தேன். குளிர்காலக் கூட்டங்களில் அதை எடுத்து மேசைமேல் வைத்தால் போதும், அன்றைக்கு என் சாராயத்துக்கு வேறு யாராவது காசு கொடுத்துவிடுவார்கள்.

இப்போது துறைமுகத்து உப்புக் கிடங்கை மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். சுவர் முழுக்கப் பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரர்களின் படங்கள். ஒருவனும் அவர்களை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பனிச்சறுக்கு வண்டி, கப்பலின் சுக்கான், ஒற்றைக் கண் பாடம்செய்த கரடி எல்லாம் உண்டு. நடுவில் நம் குடிசையைப் போலவே ஒன்று கட்டி, வைக்கோல் அடைத்த இரண்டு பொம்மைகளை உட்கார வைத்திருக்கிறார்கள். உன் பொம்மைக்கு என் பழைய கால்சட்டை. உனக்கு இப்போதுதான் அது பொருந்துகிறது. பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் உன் ஜாடியும், உன் விரலை வெட்டின, தகரம் நறுக்கும் கத்தரியும். நான்தான் காவல்காரன், நான்தான் கதை சொல்லி.

கதையைக் கேள், எத்தனை தரம் சொன்னேனோ! கையுறையைக் கழற்றிவிட்டு நரிப்பொறியின் இரும்பை நீ இரண்டு விரலால் நெம்பினது, குளிரில் உறைந்த இரும்பு தோலைக் கடித்துக்கொண்டு விடாதது, விரல் கறுத்தது, பாதி பாட்டில் சாராயம் உன் வாயில், மீதிப் பாதி ஜாடியில். "நோயாளியைவிட விரல்தான் நிதானமாக இருந்தது" என்று சொல்லி நிறுத்துவேன். வாத்தியார்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். பிள்ளைகள்தான் குடைந்து குடைந்து கேட்கும். "ஹில்மார் மாமா, ரெண்டு கரிக்கட்டை மாதிரி இருக்கு, மூணாவது மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?" என்று போன வாரம்கூட ஒன்று கேட்டது. "அது மோதிர விரல்டா கண்ணு, மாப்பிள்ளை விரல், அதான் குளிச்சிட்டு நிக்குது" என்றேன். ஒரே சிரிப்பு.

இதை எப்படி அனுப்புவது, சொல். மேலாளர் ஹௌகன் அம்மாவிடம் கேட்டேன். "ஹில்மார், கரடியைக் கேட்டாக்கூடக் குடுத்துடுவேன், விரலைக் கேட்காதீங்க. அதைப் பார்க்கத்தானே சனம் வருது" என்றாள். நியாயம்தானே? விரல் போனால் என் வேலையும் போகும்.

எழுந்திருக்கும் நாளைப் பற்றிக் கவலைப்படாதே. கடலில் போன நம் ஆட்கள் எல்லாம் அன்றைக்கு எந்த மீனின் வயிற்றைத் தட்டிக் கேட்பார்கள்? நீ மட்டும் எங்கே இருக்கிறது என்று விலாசத்தோடு தெரிந்து வைத்திருக்கிறாய். வந்து எடுத்துக்கொள், டிக்கெட் கேட்க மாட்டேன்.

யோருன் நன்றாக இருக்கிறாள். மியூசியத்துக்குள் மட்டும் கால் வைத்ததில்லை. "அந்தக் கையை நான் பிடிச்சிருக்கேன். ஜாடில பார்க்க மாட்டேன்" என்பாள். எனக்கும் உடம்பு போட்டுவிட்டது. கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது, சோப்புப் போட்டாலும் அசையவில்லை. நான் செத்தால் உனக்குச் செய்த வைத்தியத்தைத்தான் எனக்கும் செய்ய வேண்டும்!

உன் ஹில்மார்


லங்விக்
12 பிப்ரவரி 1962

ஹில்மார்,

உன் கடிதத்தை நான்கு நாள் வைத்துப் படித்தேன். சிரிக்கும் இடங்கள் தெரிந்தன.

இரண்டு விரலால் நெம்பினேன் என்று எழுதியிருக்கிறாய். சரிதான். எனக்கும் அப்படித்தான் நினைவு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். நீ பாட்டிலை வாயில் சாய்த்தாய், அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது மூன்று இல்லை. "மூணும் கறுத்துப்போச்சு, விட்டிருந்தா தோள்வரை ஏறியிருக்கும்" என்றாய். நான் உன் கையைப் பிடித்து அழுதேன். எஞ்சியிருந்த இரண்டு விரலால் பிடித்தேன்.

மூன்றாவது ஏன் வெள்ளையாக இருக்கிறது?

பிள்ளைகளுக்குச் சொன்ன பதில் வேண்டாம்.

எலியாஸ்


ஸ்டூர்சுண்ட்
25 பிப்ரவரி 1962

பெரியவனே,

படுத்த படுக்கையாக இருக்கிறவனுக்கு இவ்வளவு கேள்வி ஆகாது, மூச்சு வாங்கும்.

வெள்ளை என்றால் அப்படியொன்றும் வெள்ளை இல்லை. சாராயம் ஊறினால் எதுவும் வெளுக்கும், என் மூக்கைத் தவிர. ஜன்னல் வெளிச்சம் வேறு அந்தப் பக்கமாகத்தான் விழுகிறது. கறுப்பில் பல வகை உண்டு. குடிசையில் இருந்தது ஒரு எண்ணெய் விளக்கு, வெளியே பொழுதே விடியாத காலம், அந்த வெளிச்சத்தில் கறுப்பா வெள்ளையா என்று பஞ்சாயத்து வைக்க முடியுமா? வெட்டுகிறவன் கொஞ்சம் தாராளமாகத்தான் வெட்டுவான். தையற்காரனும் அப்படித்தான்.

அதுவும் உன் கை பன் ரொட்டி மாதிரி உப்பிக் கிடந்தது. மோதிரம் இறுகிப்போய் அசையவே மாட்டேன் என்றது. அப்படியே விட்டிருந்தால் அந்த விரலும் கெட்டிருக்கும். மோதிரத்தை வெட்டியிருக்கலாமே என்பாய். வெட்டியிருக்கலாம்தான். நல்ல தங்கமாச்சே!

சும்மா சொன்னேன். சிரி.

ஹௌகன் அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நீ போகும்போது மீதி இரண்டு விரலையும் மியூசியத்துக்கு எழுதி வைத்துவிட்டால், மூன்று இங்கே இரண்டு அங்கே என்று அலைய வேண்டாம், முழுக் கையும் ஒரே ஜாடியில் சேர்ந்துவிடும் என்றேன் நான். அவள், "சீ, போங்க ஹில்மார்" என்றாள். ஆனால் சிரித்தாள்.

யோருன் உனக்குச் சதுப்பு நிலத்து மஞ்சள் பழப் பாகு ஒரு புட்டி கொடுத்தனுப்பச் சொன்னாள். கப்பல்காரனிடம் கொடுத்தேன். அவன் தின்னாமல் இருந்தால் வந்து சேரும்.

ஹில்மார்


லங்விக்
10 மார்ச் 1962

ஹில்மார்,

பாகு வந்தது. மாரித்துக்குக் கொடுத்துவிட்டேன்.

மோதிரம் முந்தின நாளே பனியில் விழுந்தது என்று அன்றைக்குச் சொன்னாய். வெட்டும்போது விரலில் இறுகிக் கிடந்தது என்று இப்போது எழுதுகிறாய். உன் கல்யாண மோதிரம் கழற்ற வராது, உனக்கும் என் வைத்தியம்தான் என்று அதற்கு முன்பே எழுதினாய். நீ எப்போதும் இப்படித்தான். ஒரு சிரிப்புக்காக எதையும் சொல்லிவிடுவாய், சொன்னது நினைவில் இருக்காது.

யோருனுடைய அப்பா எங்களை ஏன் பிரித்தார் என்பது உனக்கு நினைவிருக்கும். கோபக்காரர் இல்லை அவர். என்னைப் படகில் உட்காரவைத்துத் துடுப்பைக் கொடுத்தார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் கொண்டு பிடித்துப் பார்த்தேன். நழுவியது. மறுபடி எடுத்துக் கொடுத்தார். மறுபடி நழுவியது. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு விரல் இருந்திருந்தாலும் பரவாயில்லை தம்பி. நான் என்ன பண்ண?" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நீ படகுத்துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். துடுப்பு விழுந்தபோது யாரையோ சிரிக்க வைத்தாய். நண்டு என்று எனக்குப் பெயர் வைத்தது அன்றைக்குத்தான்.

அந்த ஒரு விரல் இப்போதும் ஜாடியில் நன்றாக இருக்கிறது என்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பார்த்துச் சொல்கிறார்கள்.

யோருனுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். உன்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. இரண்டு காரியம் கேட்டிருக்கிறேன். ஒன்று, ஒரு தரம் உள்ளே போய் ஜாடியைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு, அவள் எனக்குப் போட்ட மோதிரத்தின் உட்புறம் என்ன பொறித்துக் கொடுத்தாள் என்று அவளுக்கு நினைவிருக்கிறதா எனக் கேட்டேன். எனக்கு நினைவிருக்கிறது. "உன் யோருன், கிறிஸ்துமஸ் 1935."

எலியாஸ்


ஸ்டூர்சுண்ட்
29 மார்ச் 1962

எலியாஸ்,

நீ படுத்துக்கொண்டே இவ்வளவு வேலை செய்வாய் என்று தெரிந்திருந்தால் மஞ்சள் பழப் பாகுக்குப் பதில் வேறு எதையாவது அனுப்பியிருப்பேன்.

திங்கட்கிழமை யோருன் மியூசியத்துக்கு வந்தாள். சர்ச்சுக்குப் போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, சீட்டு கொடுக்கும் ஜன்னலில் பணத்தை நீட்டினாள். "என்னம்மா, வீட்டுக்காரிக்கு எதுக்கு டிக்கெட்டு, உள்ள வந்து கரடியை முத்தம் குடு" என்றேன். ஒரு சுருக்கம்கூட அசையவில்லை அவள் முகத்தில். சீட்டைக் கிழித்து வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடம் வந்திருந்தது. பிள்ளைகளுக்கு நடுவே நின்று என் கதையை முழுக்கக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் முதல்முறை. நான் ஒரு வார்த்தை விடவில்லை, விட்டால் தெரிந்துபோகும் இல்லையா? "நோயாளியைவிட விரல்தான் நிதானமாக இருந்தது" என்ற இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி குனிந்து பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள், பிள்ளைகள் வாத்தியாரிடம் தூக்குவார்களே, அப்படி.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள். "இது நல்லா இருந்த விரல்தானே?"

வீட்டுக்கு வந்ததும், "அந்த மோதிரத்தைக் கழட்டு" என்றாள். சோப்புப் போட்டோம், மீன் எண்ணெய் போட்டோம், நூல் சுற்றி இழுத்தோம். "விடு யோருன், இனிமே அது என் எலும்பு" என்றேன். "கத்தரிதான் மியூசியத்தில இருக்கே, எடுத்துட்டு வரவா?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நானே கொல்லன் பட்டறைக்கு நடந்தேன். அவள் கூடவே வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கொல்லன் மோதிரத்தை அறுத்தான். ரத்தம் கொஞ்சம் வந்தது. அவள் மோதிரத்தைக் கைக்குட்டையில் துடைத்து, உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். "சர்ச்சில நான் உனக்குப் போட்டுவிட்டேன். நான் அவருக்குப் பொறிச்சுக் குடுத்ததை எனக்கே கொண்டுவந்து நீட்டினே, நானும் உள்பக்கம் பார்க்காம போட்டுவிட்டேன்" என்றாள். அவ்வளவுதான். கொல்லனுக்குக்கூட எதுவும் புரியவில்லை.

மறுநாள் சந்தைப் பையோடு மியூசியத்துக்குப் போய், ஹௌகன் அம்மாவிடம் நின்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுவதற்குள் பெட்டியைத் திறந்து ஜாடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வடக்கே போகும் கப்பலில் ஏறிவிட்டாள். இந்நேரம் உன் கட்டிலோரம் இருப்பாள்.

ஒன்று மட்டும் கேள். வீடு நாறுகிறது. உருளைக்கிழங்கை எவ்வளவு நேரம் வேகவைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நாம் இரண்டு பேரும் அந்தக் குடிசையில் ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள். அன்றைக்கு நான் இல்லாவிட்டால் நீ செத்திருப்பாய், அதுவும் கணக்கில் வர வேண்டும் இல்லையா? ஆள்காட்டியும் நடுவிரலும் உனக்காக வெட்டினேன், சத்தியம். அந்த மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள் எல்லோரும்.

விரலை நீ வைத்துக்கொள். அவளை அனுப்பு.

ஹில்மார்


லங்விக்
20 ஏப்ரல் 1962

ஹில்மார்,

யாருடைய கையெழுத்து என்று உனக்குத் தெரியும். எனக்கு இடது கையும் இப்போது தூக்க வரவில்லை. நான் சொல்கிறேன், யோருன் எழுதுகிறாள். சொன்னதைத்தான் எழுதுகிறாள், அவளாக ஒன்றும் சேர்க்கவில்லை.

ஜாடி வந்தது. மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து மூன்றையும் எடுத்து வைத்தாள். எனக்கு அருவருப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவள் மூன்றையும் தொட்டாள்.

நீ என்னைக் காப்பாற்றினாய் என்று எழுதியிருந்தாய். உண்மை. அந்த இரண்டு விரலுக்காக உனக்கு நன்றி. அவை இரண்டும் என் பெட்டியில் என்னோடு வரும். தச்சன் பெட்டியைச் செய்து முடித்துவிட்டான்.

மூன்றாவதை உனக்குத் திருப்பி அனுப்புகிறேன். பொட்டலம் இந்தக் கடிதத்தோடு வரும், பதறாதே, நன்றாகச் சுற்றியிருக்கிறது. யோருன் வேண்டாம் என்று மன்றாடினாள். "முழுசாப் படுக்கணும்னு தானே கேட்டீங்க?" என்றாள். ஆமாம், அதைத்தான் கேட்டேன். ஆனால் அது எனக்காக வெட்டப்பட்டதில்லை. நீ ஆசைப்பட்டு எடுத்தது. இத்தனை வருஷம் நீதான் அதற்குச் சோறு போட்டாய், அதுவும் உனக்குப் போட்டது. எடுத்துக்கொள்.

எந்த மீனின் வயிற்றைத் தட்டுவார்கள் என்று கேலி செய்தாயே. நான் எந்த மீனையும் தட்டப் போவதில்லை. எழும் நாளில் ஒரு விரல் குறைவாக எழுவேன், விலாசம் தெரியும், நேராக உன் குழிக்கு வந்து தட்டுவேன். அன்றைக்குச் சொல்வதற்கு ஒரு நல்ல நகைச்சுவையை இப்போதே யோசித்து வை.

யோருன் திரும்ப வரமாட்டாள். அவளுக்காகக் காப்பி போட்டு வைக்காதே.

எலியாஸ்


ஸ்டூர்சுண்ட்
16 மே 1962

பெரியவனே,

நீ போய்விட்டாய் என்று தந்தி வந்தது. செத்தவனுக்கு எவனும் கடிதம் எழுத மாட்டான். நான்தான் படிக்காதவன் ஆயிற்றே, எழுதுகிறேன்.

நீ அடக்கமான பிறகுதான் உன் பொட்டலம் வந்தது, அன்றே கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப்போனேன். வடக்குச் சுவர் ஓரம், அன்றைக்குச் சொன்ன அதே இடம். பாதிரியார், "யாருடையது?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். "அவர் லங்விக்கில் அடக்கம் ஆகிவிட்டாரே. அவர் கொடுத்தனுப்பினாரா, இதை இங்கே புதைக்கச் சொல்லி?" என்றார். இல்லை என்றேன். "அப்போ என்னால முடியாது, ஹில்மார்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். உனக்குச் சிரிப்பு வரும், எனக்கு வரவில்லை.

படகிலிருந்து கடலில் போட்டுவிடலாம் என்று பார்த்தேன். கை நீளவில்லை. சமையலறை ஜன்னலில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி வைத்தேன். அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உருளைக்கிழங்கு தின்ன முடியவில்லை. கடைசியில் ஹௌகன் அம்மாவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலையை விட்டுப் போகிறேன் என்றும் சொன்னேன்.

"போறதா? எங்க போறது?" என்றாள். "விரல் இங்க இருக்கும். நீங்க பக்கத்துல நிக்கணும். கதையை இனிமே சரியாச் சொல்லுங்க, அவ்வளவுதான்." புது ஜாடியில் அதை மட்டும் தனியாக வைத்தாள். பக்கத்தில் அறுத்த மோதிரம். யோருன் அதைத் தபாலில் மியூசியத்துக்கு அனுப்பியிருக்கிறாள், எனக்கு இல்லை. ஜாடிக்குக் கீழே ஒட்டிய சீட்டில் எழுதியிருப்பதை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். "எலியாஸின் மோதிர விரல். நோயில்லாதது."

நேற்று ஒரு பள்ளிக்கூடம் வந்தது. நான் குடிசையைக் காட்டினேன், கரடியைக் காட்டினேன், நரிப்பொறி வரைக்கும் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு போனேன். ஜாடிக்கு வந்ததும் சாராய நகைச்சுவையைச் சொன்னேன், பழக்க தோஷம். யாரும் சிரிக்கவில்லை. எழுதியிருப்பதை எல்லோரும் படித்துவிட்டார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்னைவிட வேகமாகப் படிக்கிறார்கள். வாத்தியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முன்வரிசையில் ஜடை போட்ட ஒரு பெண்பிள்ளை. ஜாடியைப் பார்த்தாள், கண்ணாடிமேல் ஊன்றியிருந்த என் கையைப் பார்த்தாள். மோதிரம் அறுத்த இடத்தில் வெயில் படாத தோல் ஒரு வளையமாக இருக்கிறது, எவ்வளவு தேய்த்தும் நிறம் ஏறவில்லை.

"ஹில்மார் மாமா," என்றாள், "உங்க விரல்லயும் அதே வெள்ளை இருக்கே."

ஹில்மார்